மெயிலில் எழுத்து தெரியவில்லையா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

கீழக்கரையில் போன் சர்வீஸும் பிரவுசிங் சென்டரும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. விசா மெயில், விமான டிக்கெட், பென்ஷன் கடிதம், மண்டபம் பக்கத்து இறால் கம்பெனிகளுக்கு வரும் ஆர்டர் என்று எதைக் கொண்டுவந்தாலும் புகார் ஒன்றுதான்: "எழுத்து தெரியல." ஆனால் ஒருவருக்கு எழுத்து பொடி, இன்னொருவருக்கு மங்கல், மூன்றாமவருக்கு வெறும் கட்டம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத வேலையை முதலில் வைத்திருக்கிறேன், பணம் பிடிக்கும் வேலை கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இது

போன் திரையின் கண்ணாடியைத் துடையுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. கடற்கரை ஊரில் போன் திரைமேல் உப்புப் படலம் படியத்தான் செய்யும். விரல் எண்ணெயும் சேர்ந்துகொண்டால் எழுத்தின் ஓரம் கரைந்த மாதிரி ஆகிவிடும். உலர்ந்த துணியால் எடுத்த எடுப்பில் தேய்க்க வேண்டாம், ஒட்டியிருக்கும் மணல் கீறிவிடும். மெல்லிய துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் உலர்ந்த துணி.

அடுத்து, கோளாறு எங்கே என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மெயிலை மூடிவிட்டு காண்டாக்ட்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பை வைத்துச் சோதிக்க வேண்டாம், அதற்குள் தனியாக எழுத்தளவு செட்டிங் இருப்பதால் குழப்பிவிடும். காண்டாக்ட்ஸும் பொடியாக இருந்தால் போனின் செட்டிங்தான் காரணம். காண்டாக்ட்ஸ் நன்றாக இருந்து மெயில் மட்டும் பொடியென்றால் இன்னும் இரண்டு மூன்று மெயிலைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு மெயில்தான் அப்படி இருக்கிறதென்றால் கோளாறு அனுப்பியவர் பக்கம்.

## போனில் எல்லா எழுத்துமே பொடி

ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஜிமெயிலுக்குள் எழுத்தளவு செட்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்படி ஒன்று அதில் இல்லை. போன் சொல்கிற அளவைத்தான் அது கேட்கும். செட்டிங்ஸ் போய் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'ஃபான்ட்' என்று அடியுங்கள். எந்தக் கம்பெனி போனாக இருந்தாலும் சரியான இடத்தைக் காட்டிவிடும். சாம்சங் என்றால் டிஸ்ப்ளேவுக்குள் 'ஃபான்ட் சைஸ் அண்ட் ஸ்டைல்'.

அங்கே இரண்டு இழுப்பான்கள் தென்படலாம். ஃபான்ட் சைஸ் எழுத்தை மட்டும் பெரிதாக்கும். டிஸ்ப்ளே சைஸ் எழுத்து, படம், பொத்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கும். முதலில் ஃபான்ட் சைஸை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கடைசிப் படிவரை போவது எனக்குப் பிடிக்காது. ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 200 சதவீதம் வரை ஏற்ற இடம் உண்டு, ஆனால் அந்த அளவில் இன்பாக்ஸ் பட்டியலில் அனுப்பியவர் பெயரும் தலைப்பின் முதல் இரண்டு வார்த்தையும்தான் நிற்கும். உச்சத்துக்கு இரண்டு படி கீழே வைத்து, 'போல்ட் டெக்ஸ்ட்' இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். கண்ணாடி போடுகிற வயதினருக்கு இந்தச் சேர்க்கைதான் பெரும்பாலும் ஒத்துவருகிறது.

ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, 'டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்', அதற்குள் 'லார்ஜர் டெக்ஸ்ட்'. அந்தச் சுவிட்சைப் போட்டால் இழுப்பான் இன்னும் நீளும். அதைப் போடாமல் வெளியே டிஸ்ப்ளேவில் உள்ள இழுப்பானை மட்டும் இழுத்துவிட்டு "இவ்வளவுதான் வருது" என்பவர்கள் நிறைய.

இதெல்லாம் செய்தும் போதவில்லையா? பெரிய திரை போன் வாங்கக் கிளம்பும் முன் கடைசித் தலைப்பில் கண்ணைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

## பட்டியல் பெரிதாகிவிட்டது, மெயிலுக்குள் மட்டும் பொடி

கடையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். "வாப்பா போன்ல எல்லாம் பெருசாக்கிட்டேன் காக்கா, டிக்கெட் மெயில் மட்டும் எறும்பு மாதிரி இருக்கு" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். காரணம் பல, வரிசையாகப் பாருங்கள்.

மெயில் சுருக்கப்பட்டிருக்கிறது. விமானக் கம்பெனி, வங்கி அனுப்பும் மெயில் பலவும் கம்ப்யூட்டர் திரைக்கென்று அகலம் வைத்துக் கட்டியவை. போன் அதை அப்படியே இடுக்கிக் காட்டும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கும். முதலில் போனைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள். பிறகு இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். விரியவில்லை என்றால் ஜிமெயிலின் மூன்று கோடு, செட்டிங்ஸ், ஜெனரல் செட்டிங்ஸ் போய் 'ஆட்டோ-ஃபிட் மெசேஜஸ்' என்ற வரியைப் பாருங்கள். டிக் இருந்தால் மெயில் திரைக்குள் சுருங்கி நிற்கும், விரல் வைத்துப் பெரிதாக்கலாம். டிக் எடுத்தால் சுருங்காது, ஆனால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். எது வசதியோ அது. நான் டிக் போட்டுத்தான் கொடுப்பேன்.

அது எழுத்தே இல்லை, படம். ஒரு வார்த்தைமேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். வார்த்தை நிறம் மாறித் தேர்வானால் எழுத்து. ஆகவில்லை என்றால் யாரோ போஸ்டர் மாதிரி செய்து மெயிலுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். எந்த எழுத்தளவு செட்டிங்கும் படத்தைத் தொடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் காட்டினால் அதிலுள்ள எழுத்தைப் பிரித்துத் தரும், தமிழும் வரும். சான்றிதழ் எண், கணக்கு எண் மாதிரி விஷயங்களை மட்டும் லென்ஸ் தந்ததை நம்பிவிடாமல் படத்தோடு ஒத்துப் பாருங்கள். மூன்றும் எட்டும் சில நேரம் மாறிவிடும்.

நீங்கள் படிப்பது மெயில் இல்லை, இணைப்பு. பிடிஎஃப் திறந்திருந்தால் மெயிலின் அளவு அங்கே செல்லாது. விரித்துத்தான் படிக்க வேண்டும். பென்ஷன் ஆணை போன்றவற்றை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொள்வதே நிம்மதி.

பதிலுக்குப் பதில் நீண்டு போன மெயில். மண்டபத்தில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றின் கணக்கர் அக்கா காட்டிய மெயிலை மறக்க முடியாது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒரே மெயிலில் பதில் மேல் பதிலாகப் போய், ஒவ்வொரு பதிலுக்கும் இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு கூடி, முதலில் பேசிய விலை திரையின் வலது ஓரத்தில் ஒரு வரிக்கு ஒரு எழுத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறால் அளவு 'முப்பது, நாற்பது' என்று இருக்க வேண்டியது மூன்று ஒரு வரி, சுழியம் அடுத்த வரி. இதற்குப் போனில் மருந்து கிடையாது. கம்ப்யூட்டரில் திறந்து படியுங்கள். முடிந்தால் விலை, அளவு, தேதி மூன்றையும் எடுத்துப் புது மெயிலாகத் தொடங்கி அனுப்பிவிடுங்கள். எதிர்த்தரப்புக்கும் அதே தலைவலிதான் இருந்திருக்கும்.

மெயில் பாதியில் நிற்கிறது. எழுத்துக் கோளாறு இல்லை என்றாலும் இதே புகாரோடுதான் வருவார்கள். 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மெயிலை வெட்டிவிட்டு, அடியில் முழு மெயிலைப் பார்க்க ஒரு இணைப்பை வைக்கும். அந்த இணைப்பும் பொடி எழுத்தில்தான் இருக்கும், அடிவரை போய்த் தேடுங்கள்.

## கம்ப்யூட்டரில் பொடி

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பிளஸ். முக்கால்வாசிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்தது. மைனஸ் சிறிதாக்கும், சுழியம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். குரோம் இதை ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் ஜிமெயிலில் ஒருமுறை வைத்தால் போதும். நேற்றுவரை சரியாக இருந்து இன்று திடீரென்று சிறுத்துவிட்டால், கன்ட்ரோல் அழுந்தியிருக்கும்போது யாரோ மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பார்கள். கன்ட்ரோல், சுழியம்.

ஜிமெயிலில் வரிகள் நெருக்கியடித்து நிற்கின்றனவா? வலது மேலே பல்சக்கரத்தைத் தொட்டால் 'டென்சிட்டி' வரும். 'காம்பாக்ட்' என்று இருந்தால் 'டீஃபால்ட்' ஆக்குங்கள். இது பட்டியலின் இடைவெளியைத்தான் மாற்றும், எழுத்தை அல்ல. ஆனாலும் கண்ணுக்கு இதம்.

அவுட்லுக்கின் பழைய பதிப்பில் வலது அடியில் சதவீதம் காட்டும் எண் இருக்கும். இழுப்பானை இழுத்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போனால் மறுபடி பழைய அளவுக்கு வந்து நிற்கும். "டெய்லி இழுக்க வேண்டியிருக்கு" என்பார்கள். இழுப்பானை விட்டுவிட்டு அந்தச் சதவீத எண்ணையே கிளிக் செய்யுங்கள். வரும் பெட்டியில் அளவைத் தேர்ந்து, 'ரிமெம்பர் மை பிரிஃபரன்ஸ்' என்பதில் டிக் வையுங்கள்.

கம்ப்யூட்டரில் மெயில் படிக்கும் இலவச மென்பொருளான தண்டர்பேர்டில் ஒரு வினோதம் உண்டு: ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் தனித்தனி எழுத்துரு, தனித்தனி அளவு வைத்திருப்பதால் வருவது இது. செட்டிங்ஸில் 'ஃபான்ட்ஸ்' இருக்கும் இடத்தில் 'அட்வான்ஸ்டு' போய், மேலே லத்தீன் (ஆங்கில எழுத்து) என்று இருக்கும் பெட்டியில் தமிழைத் தேர்ந்து அளவை ஏற்றுங்கள். அப்படியே லத்தீனுக்கும், 'அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ்' என்பதற்கும் ஏற்றிவிடுங்கள். எந்த மெயில் எந்தக் கணக்கில் சேரும் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 'மினிமம் ஃபான்ட் சைஸ்' என்ற வரியும் அங்கேயே இருக்கிறது. அனுப்புகிறவர் எவ்வளவு பொடியாக அனுப்பினாலும் அதற்குக் கீழே போகவிடாது. இந்த ஒன்றுக்காகவே கண் குறைந்தவர்களுக்கு நான் தண்டர்பேர்டைப் போட்டுக் கொடுப்பதுண்டு.

மெயில் மட்டுமல்லாமல் மொத்த விண்டோஸும் பொடி என்றால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, 'டெக்ஸ்ட் சைஸ்'. 225 சதவீதம் வரை போகும்.

எழுத்து பெரிதாகி, ஆனால் ஓரம் பிசிறடித்தால் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷனைப் பாருங்கள். 'ரெக்கமெண்டட்' என்று எழுதியிருப்பதைத் தவிர வேறு எதில் இருந்தாலும் தமிழ்ச் சுழி கலங்கும். எழுத்து பெரிதாக வேண்டும் என்று யாரோ ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் திருப்பி வைத்துவிட்டு டெக்ஸ்ட் சைஸை ஏற்றுங்கள். பிறகும் பிசிறு இருந்தால் தேடல் பெட்டியில் 'கிளியர்டைப்' என்று அடித்து, அது காட்டும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்துகொண்டே போக வேண்டியதுதான். மானிட்டரையோ கேபிளையோ மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு.

## எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லையாம்

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் படிக்கிற அளவு வேறு, நீங்கள் அனுப்புகிற அளவு வேறு. கன்ட்ரோல் பிளஸ் அடித்து உங்கள் திரையில் பெரிதாக்கியது உங்களுக்கு மட்டும். என் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டால் உங்களுக்கு எழுத்து பெரிதாகிவிடாது, இல்லையா? இதன் மறுபக்கம்தான் இன்னும் மோசம்: தனக்குத் தெரியவில்லை என்று மெயிலையே 'ஹியூஜ்' அளவில் எழுதி அனுப்பிவிடுவார்கள். சென்னையில் இருக்கும் அதிகாரிக்குத் திரை நிறைய நான்கு வார்த்தை போய்ச் சேரும்.

அனுப்பும் அளவை மாற்ற: கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து பல்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்', ஜெனரல், 'டீஃபால்ட் டெக்ஸ்ட் ஸ்டைல்'. ஸ்மால், நார்மல், லார்ஜ், ஹியூஜ் என்று நான்கு இருக்கும். நார்மல் போதும், தமிழில் எழுதுவதானால் லார்ஜ் வைத்தாலும் தப்பில்லை. அதே பக்கத்தின் அடிவரை போய் 'சேவ் சேஞ்சஸ்' கொடுக்காவிட்டால் செய்தது எல்லாம் வீண். பக்கம் நீளமானது, பாதிப் பேர் அந்தப் பொத்தானைப் பார்ப்பதே இல்லை.

அவுட்லுக்கின் பழைய பதிப்பில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், 'ஸ்டேஷனரி அண்ட் ஃபான்ட்ஸ்'. புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் "புது மெயில் சரி, பதில் மட்டும் சின்னதா போகுது" என்று மறுபடி வருவீர்கள். ஆங்கிலத்துக்கு 11 வைத்தால் தமிழுக்கு 13 வைப்பது என் பழக்கம். ணை, ளூ, கூ எல்லாம் சின்ன அளவில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

ஒரே மெயிலில் பாதி பெரிது, பாதி சிறிது என்று போனால் நீங்கள் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். ஒட்டும்போது பழைய இடத்தின் எழுத்துருவும் நிறமும் கூடவே வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றும் சேர்த்து ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் மொத்தத்தையும் தேர்ந்து 'ரிமூவ் ஃபார்மேட்டிங்' கொடுங்கள்.

## கட்டம், கேள்விக்குறி, கிறுக்கல்

இங்கே அளவைத் தொடவே வேண்டாம். என்ன மாதிரிக் கிறுக்கல் என்று கூர்ந்து பாருங்கள், வழி தன்னால் பிரியும்.

வெறும் கட்டங்கள்: எழுத்து வந்துவிட்டது, காட்டுவதற்கு எழுத்துரு இல்லை. இப்போதைய போனில் அபூர்வம். மிகப் பழைய போனில், அலுவலகங்களில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-இலும் 11-இலும் தமிழுக்கு நிர்மலா யுஐ கூடவே வரும். ஆனால் பழகிய லதா, விஜயா இரண்டும் அதில் தானாக இருக்காது. வேண்டுமானால் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்க்க வேண்டும்.

தலையில் சிறு கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இதே ஜோடி திரும்பத் திரும்ப: நல்ல தமிழ்தான் வந்திருக்கிறது, உங்கள் மென்பொருள் தப்பான குறிமுறையில் படிக்கிறது. தண்டர்பேர்டில் வியூ பட்டியலில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்'. அவுட்லுக்கின் பழைய பதிப்பில் மெயிலைத் தனியாகத் திறந்து, ஆக்ஷன்ஸ், அதர் ஆக்ஷன்ஸ், என்கோடிங், யுடிஎஃப்-8. பெரும்பாலும் நொடியில் சரியாகிவிடும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த உளறல்: அனுப்பியவர் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார். ஒரு சோதனை: 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், பாமினி. மீனவர் சங்கம், பள்ளி, டிடிபி கடை இவற்றிலிருந்து இன்னமும் வருகிறது. பொங்குதமிழ் போன்ற மாற்றிப் பக்கத்தில் ஒட்டி, பாமினி என்று தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். வேறு எழுத்துருவாக இருந்தால் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணை போட்டுவிட்டது. அனுப்பியவரிடம் நாசூக்காகச் சொல்லுங்கள். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

எல்லாமே கேள்விக்குறி: போனது போனதுதான். வழியில் எங்கேயோ தமிழ் எழுத்து தொலைந்து, அந்த இடத்தில் கேள்விக்குறி வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த மாற்றியும், எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் பிடிஎஃப்பாக.

## எழுத்து பெரிதுதான், ஆனால் மங்கல்

வெயிலில் மட்டும் மங்கலா? பாம்பன் தோணித்துறையில், மண்டபம் ஜெட்டியில் நின்று டார்க் தீமில் மெயில் படிக்க முயன்றால் உங்கள் முகம்தான் தெரியும். கறுப்புப் பின்னணி இரவுக்கு நல்லது, நடுப்பகலுக்கு ஆகாது. ஜிமெயிலின் ஜெனரல் செட்டிங்ஸில் 'தீம்' போய் லைட் ஆக்குங்கள். பேட்டரி சேவர் ஓடினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதையும் நிறுத்துங்கள். கடலுக்குப் போகிறவர்கள் சிலர் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருப்பார்கள். போனைச் சில கோணத்தில் பிடித்தால் அந்தக் கண்ணாடி வழியாகத் திரையே கறுத்துப் போகும். கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள், டிஸ்ப்ளே போய்விட்டது என்று என்னிடம் ஓடி வரும் முன்.

நிழலிலும் மங்கல், ஆனால் சில மெயிலில் மட்டும் என்றால், அனுப்பியவர் சாம்பல் நிறத்தில் எழுதியிருக்கிறார். வெள்ளைமேல் வெளிர்சாம்பல் இப்போது ஒரு நாகரிகம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வேறுபாடு வேண்டும் என்று இணையத்தின் அணுகல்தன்மை விதிகள் சொல்கின்றன, பார்த்துச் செய்கிறவர்கள் குறைவு. டார்க் தீமில் இருந்தால் லைட்டுக்கு மாற்றிப் பாருங்கள், சில மெயில் அதில்தான் கண் திறக்கும். ஆக்சஸிபிலிட்டியில் 'ஹை கான்ட்ராஸ்ட் டெக்ஸ்ட்' உண்டு, போனின் பட்டியல்களுக்கு உதவும். மெயிலின் உடலுக்குள் எப்போதும் எடுபடாது. அவுட்லுக்கில் 'இம்மர்சிவ் ரீடர்' திறந்தால் அனுப்பியவரின் நிறத்தையெல்லாம் கழற்றிவிட்டு, நீங்கள் சொல்லும் பின்னணியில் நீங்கள் சொல்லும் அளவில் காட்டும். வெளிறிய மெயிலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் மங்கலா? மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரித்துவிட்டுப் பாருங்கள். மணல் கீறி வெளுத்துப்போன தாள்தான் பல நேரம் குற்றவாளி. உரித்த பிறகும் ஒரு மூலை மட்டும் கறுப்பாக, மஞ்சளாக இருந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கலாம். அப்போது செட்டிங்கை நோண்டாமல் போனை அணைத்துவிட்டு சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம்.

## திரை முழுக்க இரண்டே எழுத்து, நகரவே மாட்டேன் என்கிறது

உருப்பெருக்கி தப்பாக இயங்கிவிட்டது. ஆண்ட்ராய்டில் மூன்று முறை தட்டினால் போகும். ஐபோனில் மூன்று விரலால் இரண்டு தட்டு. விண்டோஸில் விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும்.

தொட்டதையெல்லாம் போன் உரக்கச் சொல்கிறது, ஒரு தட்டுக்குத் திறக்க மறுக்கிறது என்றால் டாக்பேக் ஓடுகிறது. ஒலியளவு விசை இரண்டையும் சேர்த்துச் சில விநாடி பிடித்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஒருமுறை தொட்டுத் தேர்ந்து, இரண்டு முறை தட்டித் திறந்து, இரண்டு விரலால் நகர்த்தி செட்டிங்ஸ்வரை போய் நிறுத்தலாம். பொறுமை இல்லாதவர்கள் ரீசெட் அடித்துவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

## எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்க முடியவில்லை

போனை வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'செலக்ட் டு ஸ்பீக்' போட்டால் ஓரத்தில் சிறு பொத்தான் வரும். அதைத் தொட்டு மெயிலைத் தொட்டால் வாசிக்கும். தமிழ் மெயிலை ஆங்கில உச்சரிப்பில் கடித்துத் துப்பினால், 'டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்' செட்டிங்கில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஐபோனில் 'ஸ்பீக் ஸ்கிரீன்' போட்டு, இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். வங்கி மெயிலை டீக்கடையில் நின்று இப்படிக் கேட்காதீர்கள், இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு சோதனை. நாளிதழை மெயில் படிக்கிற அதே தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அதுவும் மங்கலாக இருந்தால் போனில் ஒன்றுமில்லை. நாற்பது தாண்டியவருக்கு வெள்ளெழுத்துதான் முதல் சந்தேகம், கண்ணாடிக் கடையோடு முடியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஏறி இறங்கும்போது பார்வையும் கூடக் குறைய மாறும். போன வாரம் தெரிந்த அளவு இந்த வாரம் தெரியவில்லை என்றால் முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாடி வாங்குங்கள்.

நேர்வரி நெளிந்து தெரிவது, வார்த்தையின் நடு எழுத்து மட்டும் காணாமல் போவது, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிவது ஆகியவற்றுக்குக் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரவிந்துக்கோ போகலாம். கண்ணில் மின்னல் அடிப்பது, திடீரென்று கரும்புள்ளிகள் மிதப்பது, திரை இறங்குவது மாதிரி ஒரு பக்கம் மறைப்பது, கண்வலியோடு பார்வை மங்குவது, இவற்றில் எதுவானாலும் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

மற்றபடி கடைக்குத்தான் வரப் போகிறீர்கள் என்றால், கோளாறான மெயிலை அழிக்காமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கொண்டுவந்தால் கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்க்கலாமே தவிரச் சரிசெய்ய முடியாது. வழக்கமாகப் படிக்கும் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள், அது இல்லாமல் அளவு வைத்துக் கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் பெரிதாகத் தெரியும். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுத்தளவை மாற்ற அது எனக்குத் தேவையே இல்லை, மெயிலை நீங்களே திறந்து கையில் கொடுத்தால் போதும்.